யாரும் கணக்கில் எடுக்காத பொக்ஸர் எப்போது மிஞ்சுவார்? முன்கூட்டியே பார்க்கும் முறை

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "ஞாயிறு காலையில் அமெரிக்கப் போட்டிகளைப் பார்க்கிறேன். இங்கே பாடசாலை, மாகாணப் போட்டிகளையும் விடுவதில்லை. பெயர் பெறாத ஒருவர் பெரிய ஆளை வீழ்த்திய பிறகுதான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். அதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?"

ஓரளவுக்கு உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமே பிழை. "இவனுக்குள் ஒரு நெருப்பு இருக்கிறது" என்று மதிக்கப்படாதவரின் மனத்திண்மையைத் தேடுகிறார்கள். அது எல்லா பொக்ஸருக்கும் இருக்கிறது. இல்லாதவர் ரிங்குக்குள் ஏறவே மாட்டார். தேட வேண்டியது வேறு: இவரைப் பற்றிய மதிப்பீடு எங்கிருந்து வந்தது, அதில் எந்தக் கணக்குப் பிழைத்திருக்கிறது? பிழை கிடைத்தால் ஆள் கிடைப்பார். கிடைக்காவிட்டால், எதிராளி ஜெயிப்பார் என்று ஊர் சொல்வதை நம்பிவிடுவதே நல்லது.

முதல் பிழை வெற்றி தோல்விக் கணக்கில் இருக்கும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகுதான் பெயருக்கு நேரே கிலோ எழுதுவார்கள். பொக்ஸரின் ரெக்கோட்டையும் அப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டும். 18 வெற்றி, தோல்வி இல்லை என்றால் முதலில் கடைசி ஐந்து எதிராளிகளை எடுங்கள். பொக்ஸர்களின் போட்டி விவரங்கள் தொகுத்திருக்கும் பொக்ஸ்ரெக் இணையத்தளத்தில் ஒவ்வொரு எதிராளியின் பக்கத்துக்கும் போய், அந்தப் போட்டி நடந்த நாளில் அவருடைய நிலை என்ன என்று பாருங்கள். இன்றைய நிலை உதவாது. அன்று ஐந்தில் மூன்று பேர் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தவர்கள் என்றால், அந்த 18 வெற்றிகளில் பாதிக்கு எடை கிடையாது. அந்த நொக்அவுட்களையும் அதே கழிவோடுதான் எடுக்க வேண்டும்.

தோல்விகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கே தோற்றார், யாருடைய ஊரில், எத்தனை நாள் முன்னறிவிப்பில், எந்த எடையில், நடுவர்கள் பிரிந்தார்களா ஒன்றுபட்டார்களா? கிளென் ஜோன்சன் இதற்கு நல்ல பாடம். ஜமெய்க்காவில் பிறந்தவர். 32 போட்டிகள் தோல்வியே காணாமல் வந்து 1997இல் பேர்னார்ட் ஹொப்கின்ஸிடம் தோற்றார். அதற்குப் பிறகு அடுத்தவர் ஊரில் போய்ச் சண்டை பிடித்து, பலவற்றைச் சர்ச்சைக்குரிய புள்ளிகளில் இழந்தார். பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அவர் சாதாரண ஆள். 2004 செப்டெம்பரில் அன்றைய பெரிய பெயரான ரோய் ஜோன்ஸை ஒன்பதாம் சுற்றில் நொக்அவுட் செய்து, டிசம்பரில் அன்டோனியோ டார்வரையும் புள்ளிகளில் வென்றார். அந்த ஒரே வருடத்தில் அவர் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. பழைய தோல்விகளை மற்றவர்கள் பிழையாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒர்லாண்டோ சலிடோவுக்கு 12 தோல்விகள் இருந்தன. 2014 மார்ச்சில் அவருக்கு எதிரே நின்றவர் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற லொமசென்கோ. ஆனால் லொமசென்கோவுக்கு அது தொழில்முறையில் இரண்டாவது போட்டி, 12 சுற்றுக்கு முதன்முறை. சலிடோ 126 இறாத்தல் எல்லையைத் தாண்டி 128¼ நிறுத்தார், போட்டி இரவில் 147க்கு ஏறியிருந்தார், இடுப்புக்குக் கீழேயும் அடித்தார். நடுவர்கள் பிரிந்து சலிடோவுக்குக் கொடுத்தார்கள். நியாயமா என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. கணிப்பவருக்கு நியாயம் வேறு கணக்கு: அனுபவம், எடை, உடலில் அடிக்கும் பழக்கம் மூன்றும் ஒரே பக்கம் நின்றன என்பது போட்டிக்கு முந்தின நாள் எடை பார்க்கும்போதே தெரிந்திருந்தது.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதிக்கப்படாதவர்கள் திடீரென்று பெரிய ஆளாவதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். மெனி பக்கியாவோ 1999 செப்டெம்பரில் 112 இறாத்தல் எடைக்கு இறங்க முடியாமல் தராசிலேயே பட்டத்தை இழந்தார், அடுத்த நாள் மூன்றாம் சுற்றில் உடலில் விழுந்த அடியில் சாய்ந்தார். அந்தத் தோல்வியை மட்டும் பார்த்தவருக்கு அவர் முடிந்துபோன ஆள். உண்மையில் உடல் வளர்ந்துவிட்டது, எடைப்பிரிவு வளரவில்லை. 2001 ஜூனில், இரண்டு வார அறிவிப்பில், 122 இறாத்தலில் தென்னாபிரிக்காவின் லெட்வாபாவை ஆறாவது சுற்றில் நிறுத்தினார். பத்து இறாத்தல் கூடியதும் கையும் காலும் திரும்பி வந்தன. ஆகவே, கடைசி ஓரிரு போட்டிகளில் சொதப்பிவிட்டு இப்போது ஒரு பிரிவு மேலே போகும் 25 வயதுக்குட்பட்டவரைக் கண்டால் நின்று பாருங்கள். 33, 34 வயதில் மேலே போகிறவருக்கு இது பொருந்தாது. அவர் பெரும்பாலும் பட்டினி கிடக்க முடியாமல்தான் போகிறார்.

நம் பக்கத்துப் போட்டிகளில் எடையின் கேடு இன்னும் கூட. தொழில்முறையில் முந்தின நாள் நிறுத்துவிட்டு, குடித்து, சாப்பிட்டு, ஒரு நாள் முழுக்கத் தேறலாம். அமெச்சூரில் போட்டியிருக்கும் நாள் காலையில் நிறுக்கிறார்கள், அடுத்த போட்டி நாளிலும் திரும்ப நிறுக்கிறார்கள். சாதாரணமாக 57 கிலோ இருக்கும் பையனை 54க்கு இறக்கினால் உடலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர். முதல் நாள் தாங்குவான். இரண்டாம் மூன்றாம் நாளில் காலில் துள்ளல் இருக்காது, மூன்றாம் சுற்றில் கை நெஞ்சளவுக்கு இறங்கிவிடும். அரையிறுதியில் "எதிர்பாராமல்" தோற்கும் பிரபலப் பையன்களில் பலர் இந்த வகை. தராசடியில் உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, பேசும்போது நாக்கு ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். அவனுக்கு எதிரே சொந்த எடையில் நிற்கும் பையனுக்குச் சில சதவீதம் கூட்டலாம்.

இனி, மலைநாட்டில் எல்லோரும் சொல்லும் ஒன்று: "உயரத்தில் வளர்ந்தவன், மூச்சு வாங்கமாட்டான்." இதில் பாதி உண்மைகூட இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர்தான். இரத்தத்தில் சிவப்பணு கணிசமாகக் கூட வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேல் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். நம் ஊர்கள் அந்த எல்லைக்குக் கீழே. ஏற்றம் இறக்கம் நடந்து பழகிய கால் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் கொழும்பில் அவனைக் கவிழ்ப்பது வெப்பம். சராசரி 16 பாகை இருக்கும் ஊரிலிருந்து 28, 30 பாகை ஈரவெக்கைக்கு இறங்கினால் உடல் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். முந்தின இரவு பஸ்ஸில் வந்து, காலையில் தண்ணீர் குடிக்காமல் நிறுத்து, மத்தியானம் தகரக் கூரை மண்டபத்தில் ஏறினால் இரண்டாம் சுற்று முடியும்போதே இதயம் முட்டும். ஆகவே மலைநாட்டுப் பையனைக் கணிக்கும்போது நான் முதலில் கேட்பது, கடைசி இரண்டு வாரம் எங்கே இருந்தான் என்பது. கொழும்பில் தங்கிப் பயிற்சி எடுத்திருந்தால் அவனைப் பற்றிய ஊர்க் கணிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் ஆட்கள் அவனுடைய பழைய மூன்றாம் சுற்றையே நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆனால் கீழிருந்து பழகாமல் மேலே ஏறிப் போகிறவரை உயரம் தடுமாற வைக்கலாம். அது ஒரு போட்டியை மாற்றியதற்குத் தெளிவான சான்று 2001 ஏப்ரல் 22. தென்னாபிரிக்காவின் பிராக்பனில், ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், உலக ஹெவிவெயிட் சம்பியன் லெனொக்ஸ் லூயிஸ் ஹசீம் ரஹ்மானைச் சந்தித்தார். ரஹ்மான் வாரக்கணக்கில் முன்னதாகவே போய் அங்கே பழகினார். லூயிஸ் ஒரு திரைப்படக் காட்சியை முடித்துவிட்டு, இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் போய்ச் சேர்ந்தார், எடையும் 253½ இறாத்தல். நான்காம் சுற்றிலேயே வாய் திறந்து மூச்சு விட்டார். ஐந்தாம் சுற்றில் ஒரே வலது கை. நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுபடி சந்தித்தபோது லூயிஸ் நான்காம் சுற்றில் அவரை முடித்தார். ரஹ்மான் லூயிஸைவிடச் சிறந்தவர் என்று யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த நாளில், அந்த இடத்தில் அவருக்குச் சந்தையில், அதாவது பெட் கடை விலைகளில், சொன்னதைவிட அதிக வாய்ப்பு இருந்தது என்று சொல்லியிருக்க முடியும். கணிப்பு என்பது அவ்வளவுதான்.

இதிலிருந்து அடுத்தது: பாதி வேலை பிரபலமானவரைப் பார்ப்பது. 1990 பெப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசனை எதிர்த்த பஸ்டர் டக்ளஸுக்கு பெட் கடையில் 42க்கு 1 என்று விலை போட்டார்கள். அதன் அர்த்தம் 43இல் ஒரு தடவை, அதாவது 2.3 சதவீதம். டக்ளஸின் கை நீளம் 83 அங்குலம், மைக் டைசனுக்கு 71. முந்தின வருடம்தான் டக்ளஸ், ட்ரெவர் பேர்பிக்கையும் ஒலிவர் மெக்கோலையும் வென்றிருந்தார். டைசன் பக்கம், அவரைச் சம்பியனாக்கிய பயிற்றுநர் கெவின் ரூனி 1988இன் கடைசியில் வெளியேற்றப்பட்டிருந்தார். டோக்கியோவில் பயிற்சியின்போது கிரெக் பேஜ் டைசனைக் கீழே விழுத்தியது பத்திரிகையில் வந்த செய்தி. டக்ளஸ் ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்ல இது போதாது. 2.3 என்பதைப் 10 அல்லது 12 ஆக்கப் போதும். அது பெரிய வித்தியாசம். அன்று டைசனின் கோர்னரில், அதாவது சுற்றுகளுக்கிடையே அவரைக் கவனிக்கும் ஆட்களிடம், கண் வீக்கத்தை அமுக்கும் இரும்புகூட இல்லை, ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றி வைத்து ஒத்தினார்கள். இதை யாரும் முன்கூட்டியே அறிய முடியாதுதான், ஆனால் பயிற்றுநரை மாற்றிய பிரபலத்தின் கோர்னரைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம்.

பிரபலத்திடம் பார்க்க வேண்டியவை: ஒரு வருடத்துக்கு மேல் போட்டி இல்லாமல் இருந்தாரா, தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனதா, நோய்வாய்ப்பட்டாரா, எடைக்கு இறங்கப் பாடுபடுகிறாரா? தியோபிமோ லோபஸ் 2020 ஒக்டோபரில் லொமசென்கோவை வென்று, அடுத்து ரிங்கில் ஏறியது 2021 நவம்பர் 27. இடையில் கோவிட், ஒத்திவைப்புகள். எதிரே ஜோர்ஜ் கம்போசொஸ். முதல் சுற்றிலேயே லோபஸைத் தரையில் வைத்தார், பத்தாம் சுற்றில் தானும் விழுந்து எழுந்தார், பிரிந்த தீர்ப்பில் வென்றார். அதற்கு அடுத்த வருடம் டெவின் ஹேனியிடம் இரண்டு தடவை தோற்றார். இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பக்கூடாது. "இந்த இரவில் மிஞ்சுவாரா" என்பது ஒன்று, "இன்னும் மூன்று வருடத்தில் மேலே இருப்பாரா" என்பது இன்னொன்று. முதலாவதுக்கு எதிராளியின் தேய்வும் சூழ்நிலையும் போதும். இரண்டாவதுக்கு அவரே ஒவ்வொரு போட்டியிலும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு வீடியோதான் வழி. மூன்று போட்டி போதும்: கடைசியாக ஆடியது, அவர் தோற்றது, வரப்போகும் எதிராளியைப் போன்ற உடலும் நிலையும் உள்ள ஒருவரோடு ஆடியது. முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் பிரபலத்தின் அடியைத்தான் சத்தமாகச் சொல்வார், காது கண்ணை ஏமாற்றும். இரண்டாம் தடவை தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் 30 செக்கனிலும் கடைசி 30 செக்கனிலும் எத்தனை அடி வீசினார்? எட்டாம் சுற்றில் கடைசி 30 செக்கனின் எண்ணிக்கை இரண்டாம் சுற்றின் அளவுக்கே இருந்தால் அவரிடம் மூச்சு இருக்கிறது. ஜாப், அதாவது முன்கையால் நேரே வீசும் அடி, எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை வெறுமனே காற்றில்? நல்ல அடி ஒன்று வாங்கியதும் அடுத்த பத்து செக்கனில் என்ன செய்கிறார்? கட்டிப்பிடித்தாலும், கால் மாற்றி விலகினாலும், ஜாப்போடு திரும்பினாலும் பரவாயில்லை. நின்ற இடத்திலேயே கண்மூடி வீசினால் மேல்மட்டத்தில் அது நொக்அவுட் ஆகும். மூன்றாம் தடவை வேகத்தைப் பாதியாக்கி காலை மட்டும் பாருங்கள். எதிராளி பக்கவாட்டில் ஓடும்போது பின்னாலேயே துரத்துகிறாரா, குறுக்கே வந்து மூலைக்குத் தள்ளுகிறாரா? துரத்துகிறவர் எவ்வளவு பலமாக அடித்தாலும் பன்னிரண்டு சுற்றில் தோற்கும் ஆபத்து உண்டு.

அண்டி ருயிஸை மதிக்காததற்குக் காரணம் வயிறு. 2019 ஜூன் 1 அன்று 268 இறாத்தலோடு நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டனில், ஹெவிவெயிட் சம்பியன் அந்தனி ஜோசுவாவுக்கு எதிரே ஏறினார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஜரல் மில்லருக்குப் பதில் வந்தவர். ஆனால் அவர் சும்மா இருந்து வந்தவரல்ல, ஏப்ரல் 20 அன்றுதான் ஒரு போட்டியை முடித்திருந்தார், பயிற்சி உடலில் இருந்தது. அதுவரை அவர் தோற்றது ஜோசப் பார்க்கரிடம் நியூசிலாந்தில், நடுவர்கள் ஒன்றுபடாத தீர்ப்பில் மட்டும். கையின் வேகத்தை வீடியோவில் எண்ணியவருக்கு வயிறு தெரிந்திருக்காது. மூன்றாம் சுற்றில் விழுந்து, எழுந்து, ஜோசுவாவை அதே சுற்றில் இரண்டு தடவையும் ஏழாம் சுற்றில் இரண்டு தடவையும் விழுத்தினார். டிசம்பர் மறுபோட்டிக்கு 283 இறாத்தலுக்கு மேல் வந்து புள்ளிகளில் தோற்றார். முதல் போட்டியில் அலட்சியப்படுத்த வேண்டிய எடை, இரண்டாவதில் கவனிக்க வேண்டிய எடை. எது எப்போது என்பதற்கு ஒரே அளவுகோல், அவருடைய வழக்கமான எடையிலிருந்து எவ்வளவு விலகியது என்பது.

டிக்டொக்கில் பயிற்றுநர் கையில் பிடிக்கும் பேட்டை அடிக்கும் வீடியோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பேட் திருப்பி அடிப்பதில்லை. தராசடிக் கூச்சல், தசை, பச்சை குத்தியது எல்லாம் அதே ரகம்.

இடக்கைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பேரில் ஒருவர்தான் இடக்கை என்பதால் வலக்கைக்காரர்களுக்கு அவர்களோடு பழக்கம் குறைவு. அமெச்சூரில் மூன்றே சுற்று. தூரமும் கோணமும் பிடிபடுவதற்குள் முதல் சுற்று போய்விடும். ஆகவே பெயர் பெறாத இடக்கைப் பையனுக்கு தொடரின் தொடக்கப் போட்டிகளில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளியே விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தால் அந்த அனுகூலத்தை அவனே வீணாக்குகிறான்.

பாடசாலை மட்டத்தில் இன்னொரு பிழை வயது. 14 வயதில் மீசை வந்த பையன் அதே எடைப்பிரிவில் மற்றவர்களை நசுக்குவான், எல்லோரும் அவனையே "நாளைய சம்பியன்" என்பார்கள். மற்றவர்கள் 17இல் வளர்ந்து எட்டிப்பிடிக்கும்போது அவனிடம் பலத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. தோட்டத்துப் பிள்ளைகளில் சாப்பாட்டுக் குறைவால் தாமதித்து வளருபவர்கள் அதிகம். அந்த நேரத்தில் பலசாலியிடம் தோற்றாலும், தோற்ற போட்டியில் ஜாப், தடுப்பு, கால் ஒழுங்காக இருந்த பையனின் பெயரைக் குறித்து வையுங்கள். கண்டி புனித சில்வெஸ்டர், வித்யார்த்த போன்ற பொக்ஸிங் பாரம்பரியமுள்ள பாடசாலைகளில் கூடப் பழக நல்ல ஆட்கள் இருப்பதால் அங்கே வளர்ச்சி வேகமாகத் தெரியும். தோட்டப் பாடசாலையில் தனியாகப் பையைக் குத்தும் பையன் ஆறு மாதம் நல்ல ஸ்பாரிங் (ஆளோடு ஆள் பயிற்சிச் சண்டை) கிடைத்தால் எங்கே போவான் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. அவன் பயிற்சி இடத்தை மாற்றினான் என்று கேள்விப்பட்டால் பழைய முடிவுகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பாருங்கள்.

எடை குறைந்த பிரிவுகளில் நம் நாட்டுக்குப் போட்டி அடர்த்தி அதிகம். 2018 பொதுநலவாய விளையாட்டில் இலங்கை வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று பொக்ஸிங்கில் வந்த வெண்கலம்: அனுஷா கொடித்துவக்கு, இஷான் பண்டார, திவங்க ரணசிங்க. மூவரும் 52 கிலோவுக்குள். உள்ளூரில் இந்தச் சிறிய எடைகளில் நான்காவதாக வருபவர் வெளிநாட்டில் ஆச்சரியப்படுத்தலாம். 75க்கு மேல் உள்ளூரில் முதலாவதாக வருபவர் அதே அளவுக்கு ஆச்சரியப்படுத்துவது கடினம்.

கடைசியாகக் கணக்கு. பெட் கட்டச் சொல்லவில்லை, விலையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுங்கள். ஒரு ரூபாவுக்குத் திரும்பக் கிடைக்கும் விலை ஒருவருக்கு 1.25, மற்றவருக்கு 4.50 என்று இருந்தால் நூறை அந்த எண்ணால் வகுங்கள்: 80, 22.2. கூட்டினால் 102.2, அந்த 2.2 கடைக்காரரின் இலாபம். 22.2ஐ 102.2ஆல் வகுத்தால் 21.7 சதவீதம். அங்கிருந்து நீங்கள் கண்ட ஒவ்வொரு பிழைக்கும் மூன்று முதல் ஐந்து சதவீதம் கூட்டுங்கள். ஒரே காரணத்தை இரண்டு தடவை கூட்டாதீர்கள். "வயது போய்விட்டது", "கால் மெதுவாகிவிட்டது" இரண்டும் ஒன்றுதான். கூட்டிக் கூட்டி 45ஐத் தாண்டினால் எங்கோ ஆசை புகுந்துவிட்டது, திரும்பப் பாருங்கள். 33 என்று வந்தால், மூன்றில் இரண்டு தடவை அவர் தோற்பார் என்றுதான் நீங்களே சொல்கிறீர்கள். தோற்றதும் கணிப்புப் பிழை என்று அழிக்க வேண்டாம்.

கொப்பியில் போட்டிக்கு முன்பே எழுதி வையுங்கள்: திகதி, பெயர், சந்தை சொன்னது, நீங்கள் சொன்னது, ஒரே வரியில் காரணம். முடிவு வந்ததும், வென்றால் 1, தோற்றால் 0 என்று வைத்து, உங்கள் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்குங்கள். 0.30 சொல்லி அவர் வென்றால் 0.49, தோற்றால் 0.09. சந்தையின் எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். முப்பது நாற்பது போட்டிகளின் சராசரியில் உங்களுடையது சந்தையைவிடச் சிறியதாக இருந்தால் நீங்கள் எதையோ சரியாகப் பார்க்கிறீர்கள். பெரியதாக இருந்தால் காரண வரிகளை மட்டும் திரும்ப வாசியுங்கள். எந்தக் காரணம் உங்களை அடிக்கடி ஏமாற்றுகிறது என்று அங்கே தெரியும். பெரும்பாலும் அது "மனத்திண்மை" என்று எழுதிய வரியாக இருக்கும்.